மூடிக்குள் ஒரு வட்ட அட்டை

எஜீதியோ லவுரியா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். "அஞ்சாவது படிச்சவன் கை துடைச்ச கலம் செவ்வாய்க்குப் போகுது. பட்டம் வாங்கினவன் கை பட்டது எதுவரைக்கும் போச்சு?" என்று சனிக்கிழமை காலையில் பியேரோவின் காப்பிக் கடையில் நின்று கேட்பார். பதில் சொல்ல ஆள் இருக்காது. பதினாறு வயதில், சுற்றிலும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு தெற்கு மலையூரிலிருந்து வந்து டூரின் ரயிலடியில் இறங்கிய கதையும் பின்னாலேயே வரும். அந்தப் பெட்டியை வீட்டு அலமாரி மேல் வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் இறக்கிக் காட்டுவார்.

சொல்லட்டுமே, சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இந்த நகரம் உலகத்துக்கு அனுப்பிய கார்களுக்குச் சாயம் அடித்தது யார்? தெற்கிலிருந்து வந்த நாங்கள்தான். தெற்கத்தி ஆட்களுக்கு வாடகைக்கு இல்லை என்று பலகை தொங்கிய தெருக்களில் இன்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. எஜீதியோ சாயக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர். ஈரச் சாயத்தின் மேல் ஒரு முடி விழுந்தாலும் கார்க் கதவையே கழற்றிப் போடும் இடம் அது. தூசி என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, அங்கே நின்று படித்தார். பிறகு விண்கலம் கட்டும் கூடத்தில் சுத்த அறைக்கு ஆள் தேடியபோது, வரிசையில் நின்ற இருபது பேரில் அவரைத்தான் எடுத்தார்கள். வந்த சில மாதத்திலேயே துப்புரவு மேஸ்திரி ஆகிவிட்டார்.

சுத்த அறையில் தரையைப் பெருக்குவது வேலையில்லை. தரை ஏற்கெனவே உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாததைத் துடைப்பதுதான் வேலை. செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் போகும் பெட்டியில் நம் ஊர்க் கிருமி ஒன்று ஒட்டிக்கொண்டு போனால் எல்லாம் பாழ். பியேரோ ஒருமுறை இது எதற்கு இத்தனை பாடு என்று கேட்டதற்கு எஜீதியோ சொன்ன விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

"பூட்டின வீட்டுக்குள்ள யாராவது இருக்காங்களான்னு காது குடுத்துக் கேக்கப் போறே. உன் பூனையையும் மடியில வெச்சுக்கிட்டுப் போனா, வர்ற சத்தம் யாருதுன்னு எப்படிய்யா தெரியும்?"

அந்தப் பூனை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்பவர் எஜீதியோ. உடை மாற்றும் வாசலில் ஒவ்வொரு நாள் காலையிலும் நின்று, உள்ளே போகும் எல்லோரிடமும் ஒரே பாடத்தைச் சொல்வார். "காகிதம், அட்டை, மரம். மூணும் கிருமி குடியிருக்கிற வீடு. இருந்தா இப்பவே எடுத்து வெளியே வைங்க." பெரிய எஞ்சினியர் ஒருவரின் சட்டைப் பையில் பழைய பஸ் டிக்கெட் இருந்ததைக் கண்டுபிடித்து, வெள்ளை உடையை முழுக்கக் கழற்ற வைத்துத் திருப்பி அனுப்பினார். வாசனைத் தைலம் பூசி வந்தவர்களை மூக்காலேயே பிடித்துவிடுவார்.

இனி அந்த பாட்டில்.

துடைக்கும் ஸ்பிரிட் சிறிய பீச்சு பாட்டில்களில், சீல் வைத்து வரும். வேலை முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் பாட்டிலோடு வீசிவிட வேண்டும் என்பது சட்டம். எஜீதியோவுக்கு அது பிடிக்கவில்லை. பாதி பாட்டில் ஸ்பிரிட்டை வீசுகிறவன் பசியைப் பார்க்காதவன் என்பார். அவரிடம் தனியாக ஒரு பாட்டில் இருந்தது. கெட்டியான பழைய பாட்டில், மூக்கு வளையாமல் நேராகப் பீச்சும். மற்றவர்களின் மிச்சத்தையெல்லாம் அதில் ஊற்றி நிரப்பிக்கொள்வார். பதினோரு வருஷமாக அது ஒருநாளும் முழுக்கக் காலியானதில்லை. யாரும் கேட்கவுமில்லை. மேஸ்திரியை யார் கேட்பார்கள்?

அந்த வருஷம் ஜனவரியில் அதன் மூடி கசிய ஆரம்பித்தது. வெளி அறையில் உட்கார்ந்து, கையுறை வந்த பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு காசு அளவுக்கு வட்டமாக அட்டை வெட்டி மூடிக்குள் வைத்து முறுக்கினார். கசிவு நின்றது. சாயக்கூடத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அப்படித்தான் செய்வார்கள். கை தன் பாட்டுக்குச் செய்தது. வாசலில் தினமும் பாடம் சொல்லும் வாய் அந்த நேரம் சும்மா இருந்தது. அப்படியே நினைவுக்கு வந்திருந்தாலும், ஸ்பிரிட்டில் முழுகிக் கிடப்பதில் எது பிழைக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதே ஜனவரியில்தான் வியோரிக்காவும் வேலைக்கு வந்தாள். ருமேனியாக்காரி, நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டாள். ஆறு வருஷம் இங்கே ஒரு படுக்கைக் கிழவியைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள். கிழவி போனபின் இந்த வேலை கிடைத்தது. நன்றாகத் துடைப்பாள். எஜீதியோவே பியேரோவிடம் அதை ஒத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் கிருமி எண்ணிக்கை ஏறியது.

எண்ணுவது சோதனைக்கூடத்து டாக்டர் ஓர்நெல்லாவின் வேலை. ஈரப் பஞ்சுக் குச்சியால் கலத்தின் பாகங்கள் மேல் தடவி எடுத்து, சூடு காட்டி, கண்ணாடித் தட்டில் ஊற்றி மூன்று நாள் வைப்பார். சாதாரணக் கிருமி சூட்டிலேயே செத்துவிடும். ஓடு போட்டுக்கொண்டு தூங்கும் வித்துக் கிருமி மட்டும் தப்பித்து, தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். அந்தப் புள்ளிகளை எண்ண வேண்டும்.

டாக்டர் எல்லோரையும் வெளி அறையில் கூட்டினார். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "மூணு வாரமா ஏறிக்கிட்டே இருக்கு. ஒன்பது, பதினேழு, முப்பத்தி நாலு. மண்ணைச் சோதிக்கிற பெட்டியிலதான் அதிகம். எல்லாம் ஒரே சாதிக் கிருமி. அப்படின்னா ஒரே இடத்துலேர்ந்து வருது. எங்கேர்ந்துன்னுதான் தெரியலை."

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா," என்றார் எஜீதியோ. "பதினோரு வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். ஒரு தடவை ஏறியிருக்கா? ஜனவரியில புதுசா என்ன வந்துச்சு? மிஷினா வந்துச்சு, மேஜையா வந்துச்சு?"

அங்கே இருந்த மற்ற ஒன்பது பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"என்னையா சொல்றீங்க, மேஸ்திரி?" என்றாள் வியோரிக்கா.

"உன் பேரை நான் சொல்லலையே. மாசத்தைத்தான் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் எஜீதியோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பண்டிகைக்கு ஊருக்குப் போயிட்டு நேரா இங்க வந்தே. கோழி, பன்னி, தோட்டம்னு இருக்கிற வீடு. நகத்துல ஏறின மண்ணு சோப்புப் போட்டா போயிடுமா?"

"நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறேன், மேஸ்திரி."

அவள் அதை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவள் காதின் பின்புறம், நகக்கண், முடியின் வேர் எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சி போட்டு எடுத்தார்கள். அதில் அந்தச் சாதிக் கிருமி கிடைக்கவில்லை. ஒருமுறை எடுத்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் கூடத்து மேலாளருக்கு உடனே ஒரு பெயர் தேவைப்பட்டது. மறுநாளே அவளை வெள்ளை உடைகள் வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று வீட்டில் மனைவி அஸ்ஸுந்தா சூப்பு ஊற்றும்போது எஜீதியோ அவளிடம் நடந்ததைச் சொன்னார், வேட்டையில் காட்டுப்பன்றி விழுந்ததைச் சொல்வதுபோல.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டாள் அஸ்ஸுந்தா.

"என்ன சொல்லும்? ரெண்டு வேளை குளிக்கிறேன்னு சொல்லுது."

அஸ்ஸுந்தா கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். "நாம வந்த புதுசுல வாடகைக்கு ரூம் கேட்டப்போ, பலேர்மோத் தெரு வீட்டுக்காரக் கிழவி நம்மளை முற்றத்துக் குழாய்ல கை கால் கழுவிட்டு வந்துதான் ரூமைப் பாக்கணும்னு சொன்னாளே. அன்னைக்கு நீயும் இதையேதான் சொன்னே."

"அது வேற. சூப்பை ஊத்து."

வியோரிக்கா போய் இரண்டு வாரம் ஆயிற்று. எண்ணிக்கை இறங்கவில்லை, இன்னும் ஏறியது. அவள் விட்டுப்போனது பெட்டியில் இன்னும் இருக்கிறது என்றார் எஜீதியோ. டாக்டரும் அவரை நம்பித்தான் சொன்னார். "இனிமே அந்தப் பெட்டியை வேற யாரும் தொட வேண்டாம். நீங்களே மூணு தடவை துடைங்க, எஜீதியோ. உங்க கையைவிடச் சுத்தமான கை இங்க இல்லை."

அவர் துடைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பழைய பாட்டிலால் பீச்சி, மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக, துணியை மடிப்பு மாற்றி மாற்றி மூன்று தடவை துடைத்தார். பெட்டியின் உள் மூடி விளிம்பை மட்டும் இரண்டு தடவை கூடுதலாகத் துடைத்தார். சிறிய கல்லறையில் பூ வைப்பவர்போல அவ்வளவு மெதுவாகச் செய்தார்.

டாக்டர் இந்த முறை துடைக்கும் முன்பும் எடுத்தார், பின்பும் எடுத்தார். அந்தத் திங்கட்கிழமை அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தட்டுகளைக் காட்டினார்.

"இது இதுவரைக்கும் துடைக்காத ஒரு பக்கத்துல, துடைக்கிறதுக்கு முன்னாடி. ஆறு. இது அதே பக்கம், துடைச்ச பிறகு. நாற்பத்தொண்ணு."

எஜீதியோ இரண்டாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் சாம்பல் நிறத்தில், காய்ந்த தோல்போலச் சுருங்கி இருந்தன.

"துணியா இருக்குமா? ஸ்பிரிட்டா இருக்குமா? அன்னைக்கு வந்த பாட்டிலைத்தானே எடுத்தீங்க?"

"அன்னைக்கு வந்த பாட்டில்தான் டாக்டரம்மா," என்றார். வாய் அதைத் தானாகச் சொல்லிவிட்டது.

"ஏன் கேக்குறேன்னா, இந்த வித்துக் கிருமிக்கு ஸ்பிரிட் ஒண்ணும் பண்ணாது. மத்ததெல்லாம் சாகும், இது சாகாது. ஸ்பிரிட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கா தூங்கும்."

பதினோரு வருஷம் மேஸ்திரியாக இருந்தவருக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் பயிற்சி நடக்கும். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பொடியன்கள் எனக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று பியேரோவிடம் சொல்லிச் சிரிக்க நல்ல வரி தேடிக்கொண்டிருப்பார்.

வெளி அறைக்குப் போய் மூடியைத் திருகினார். அட்டை ஊறி, பாலில் நனைந்த ரொட்டிபோல் உப்பியிருந்தது. ஓரத்தில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து ஸ்பிரிட்டில் மிதந்தது. காகிதம், அட்டை, மரம். அவர் குரலிலேயே அவருக்குக் கேட்டது.

அட்டையை எடுத்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவில் போட்டுத் தன் பெட்டகத்தில் பூட்டினார். பழைய பாட்டிலைக் கழிவுத் தொட்டியில் போட்டார். சீல் வைத்த புதுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் துடைத்தார். அன்றிலிருந்து தினமும் புதுப் பாட்டில்.

அந்த வார முடிவில் எண்ணிக்கை பன்னிரண்டு, அடுத்த வாரத் தொடக்கத்தில் மூன்று. மேலாளர் எல்லோரும் பார்க்க அவர் தோளில் தட்டினார். "ஆளை மாத்தி, அவ விட்டுப்போனதைத் துடைச்சதும் சரியாயிடுச்சு பாத்தீங்களா? எஜீதியோவுக்கு மூக்கு இருக்கு." ஒன்பது பேரில் எட்டுப் பேர் கைதட்டினார்கள். ஒன்பதாவது ஆள் எஜீதியோ.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை இன்றும் தின்பது. அட்டை வைத்தது அறியாமை என்று ஒரு நாள் ஆறிவிடும். கைதட்டலை வாங்கிக்கொண்டு நின்றது ஆறாது. புதன்கிழமை பெட்டியின் உள் மூடியை எழுபது திருகாணி போட்டு மூடினார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தார். நாற்பத்தொன்றில் எத்தனை அந்த விளிம்பில் இருக்கும், யாருக்குத் தெரியும்? இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை உடை வாங்க வெளுக்கும் பகுதியின் சன்னலுக்குப் போனார். வழக்கமாக வேறு ஆளை அனுப்புவார். அன்று யாரும் கிடைக்கவில்லை. வியோரிக்காதான் உடையை நீட்டினாள். மேலே போட்ட கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டு தெரிந்தது. தோல் சிவந்து, வெடித்து, பக்குக் கட்டியிருந்தது.

"கையில என்ன?" என்றார்.

"குளோரின்."

"குளோரின்ல உடை வெளுக்கிறதில்லையே இங்க."

"உடைக்கு இல்லை, மேஸ்திரி. எனக்கு. வீட்டுல போட்டுத் தேய்க்கிறேன்." சன்னல் கட்டையில் கிடந்த ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "இந்த மாசத்தோட என்னை நிறுத்துறாங்க. காரணம்னு எழுதியிருக்கிறதைப் படிங்க. 'உடம்பில் கிருமி சுமப்பவர்.' இதைக் காட்டினா ஆஸ்பத்திரியில எடுப்பாங்களா? கிழவிங்களைப் பாத்துக்கிற வீட்டுல எடுப்பாங்களா?"

அவர் தாளைப் படித்தார். ஐந்தாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.

"என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும்," என்றாள். "என்கிட்ட என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க. குளிக்கிறேன், தேய்க்கிறேன், முடியைக்கூட வெட்டிட்டேன். இன்னும் எதைக் கழுவணும்?"

பலேர்மோத் தெரு முற்றத்துக் குழாய் எஜீதியோவின் நினைவுக்கு வந்தது. டிசம்பர் மாதக் குளிர் தண்ணீர், மேலே சன்னலில் நின்று பார்த்த கிழவி, முழங்கை வரை தேய்த்த தானும் அஸ்ஸுந்தாவும். காப்பிக் கடையில் அவர் சொல்லும் கதையில் இந்தக் குழாய் ஒருநாளும் வந்ததில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து நேராகச் சொந்த வீட்டுக்குத் தாவிவிடுவார்.

உடையை வாங்காமலே திரும்பி நடந்தார். பெட்டகத்தைத் திறந்து மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் வைத்தார்.

"இதைத் தட்டுல போட்டுப் பாருங்க டாக்டரம்மா. அதே சாதிதான் முளைக்கும்."

டாக்டர் டப்பாவைத் திறந்தார். "இது என்ன?"

"அட்டை. என் பாட்டில் மூடிக்குள்ள நான் வெச்சது. மூடி கசிஞ்சுது."

"உங்க பாட்டில்னா?"

சொன்னார். மிச்சத்தை ஊற்றிச் சேர்த்தது, பதினோரு வருஷம், ஜனவரி, எல்லாம். டாக்டர் கடைசியில் இரண்டே கேள்வி கேட்டார்.

"உள் மூடியைத் துடைச்சது அந்தப் பாட்டிலாலயா?"

"ஆமா. மத்ததைவிட ரெண்டு தடவை அதிகமா."

"இது அட்டையாலதான்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

இன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் நம்பியிருப்பார், நம்பவே விரும்பினார். எஜீதியோ தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"பத்து நாளாச்சு."

டாக்டர் டப்பாவை மூடினார். "நேத்துதான் திருகாணி போட்டோம்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

எழுபது திருகாணியும் கழன்றன. பெட்டியை உலையில் வைத்து மூன்று நாள் சூடு காட்டி, மறுபடி தடவி எடுத்து, மறுபடி மூடினார்கள். ஏவுதளத்துக்கு அனுப்பக் குறித்திருந்த நாள் தள்ளிப்போயிற்று. மேலாளர் எஜீதியோவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தட்டில் அதே சாம்பல் புள்ளி முளைத்த அன்று, அவராகவே கேட்டு எல்லோரையும் வெளி அறையில் கூட்டினார். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்றார். வியோரிக்கா கதவோரம் நின்றாள்.

"கிருமியைக் கொண்டுவந்தது நான். இவங்க இல்லை. அட்டை வெச்ச பாட்டிலால பெட்டி முழுக்கத் தடவினது நான். தெரிஞ்ச பிறகும் பத்து நாள் மறைச்சேன். நீங்க கைதட்டினப்போ எனக்குத் தெரியும்." வியோரிக்கா பக்கம் திரும்பி, "உங்ககிட்ட எந்தத் தப்பும் இல்லை. கழுவ வேண்டியது ஒண்ணும் இல்லை," என்றார். அவர் அவளை மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் அவள் என்ன சொல்வாள் என்று பார்த்தார்கள்.

"அட்டையா?" என்றாள்.

"அட்டைதான்."

"தினமும் காலையில எங்க பையைத் தடவித் தடவிப் பாத்தீங்களே மேஸ்திரி," என்றாள் வியோரிக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அப்ப உங்க பையை யாரு பாத்தா?"

அந்தத் தாளை மேலாளர் திரும்ப வாங்கிக் கிழித்தார். டாக்டர் கேட்டுக்கொண்டதால் வியோரிக்கா சுத்த அறைக்கே திரும்பினாள், உடை மாற்றும் வாசலில் சோதிப்பவளாக. எஜீதியோவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது, வெளிக்கிடங்குக்கு மாற்றினார்கள். வெள்ளை உடை அவருக்கு இனி இல்லை.

கலம் செவ்வாய்க்குக் கிளம்பிப் போயிற்று. பியேரோவின் கடைக்கு அவர் இப்போதும் வருகிறார். ஒருநாள் புதிதாக வந்த ஒருவனிடம் பியேரோ, "இவரு யாரு தெரியுமா? அட்டைப் பெட்டியோட வந்து இறங்கினவரு. நீயே சொல்லு எஜீதியோ," என்றார். எஜீதியோ காப்பியைக் குடித்து முடித்தார். "முற்றத்துக் குழாய்ல கை கழுவச் சொன்னாங்க. கழுவினோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பியேரோவுக்கு ஒன்றும் புரியவில்லை, அது அவர் கேட்ட கதையே இல்லை.

கிடங்கிலிருந்து ஸ்பிரிட் பாட்டில்களைச் சுத்த அறை வாசலுக்குக் கொண்டுபோவது அந்த ஏழு மாதமும் அவர் வேலையாக இருந்தது. ஒரு தட்டுக்கு இருபத்துநான்கு பாட்டில். வியோரிக்கா ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சீலைப் பார்த்து, மூடியைச் சுற்றி விரலை ஓட்டி, பிறகுதான் உள்ளே வைப்பாள். கையில் பக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்திருந்தது. பழிவாங்குவதற்காக அவள் அப்படிச் செய்யவில்லை. சட்டம் இப்போது அப்படித்தான்.

இருபத்துநான்கும் முடிந்ததும் அவர் பக்கம் திரும்புவாள். "பை, மேஸ்திரி."

அவர் இரண்டு பையையும் வெளியே இழுத்து, உள்துணி தெரியக் காட்டிவிட்டு, அவள் தலையசைக்கும் வரை நிற்பார்.